அரைப்பேரு வாங்கிறாத, ஆயி

ஆயி, போன போயா லீவுக்கு நீ வந்துட்டுப் போனதுல இருந்து எனக்கு வயித்துக்குள்ள ஒரே பொறுமல். சொல்ல வேண்டியதச் சொல்லாம அனுப்பிட்டேன். நீ இருந்த ரெண்டு நாளும் உன் அம்மாயி என்ன வாய் தொறக்க விடல. "கெம்பஸ் படிக்கிற புள்ளைக்கு ஸ்டோருல சாக்கு தூக்கின ஆளு புத்தி சொல்ல வந்துட்டாரு"ன்னு அடுப்படியில இருந்தே ஒரு வெட்டு. நான் சாக்கு மட்டுமா தூக்கினேன்? முப்பது வருசம் வெப்பமானி பாத்தவன். அது அவ கணக்குல ஏறாது.

நீ மேசையில மறந்து வச்சுட்டுப் போன தாளு ரெண்டையும் எடுத்து, பக்கத்துக் காம்பரா பையன வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். மொத வருசத்துப் பௌதிக லெப்புக்கு என்னென்ன சட்டம், எதுக்கு எத்தன புள்ளி வெட்டுவாங்க, எப்ப ரிப்போர்ட் குடுக்கணும், எந்தச் செருப்புப் போடக் கூடாது. அவன் வாசிக்க வாசிக்க எனக்குச் சிரிப்பு அடங்கல. நம்ம தோட்டத்துப் பெரட்டு, செக்ரோல், தராசு, அரைநாள் கூலிக்கு அரைப்பேரு எல்லாம் அப்பிடியே இருக்கு. நம்ம பூட்டனாருக்குப் போட்ட சட்டத்துக்குச் சப்பாத்து மாட்டி, இங்கிலீசுல உனக்குக் குடுத்திருக்காங்க. அதனால இதுல என்னவிடத் தெரிஞ்சவன் பேராதனையில எவனும் இருக்க மாட்டான். அடக்கமாத்தான் சொல்றேன்.

மொத சட்டம் வரவு. நூத்துக்கு 80 நாளு நிக்கணும்னு போட்டிருக்கு. 12 செய்முறைன்னு வச்சுக்கிட்டா ரெண்டுதான் விடலாம். மூணாவது நாளுக்கு உன் வயசுப் புள்ளைங்க வழக்கமா ஒரு பாட்டியச் சாகடிப்பாங்க. லெப் இருக்கிற வாரத்துல பாட்டிமார் சாவுறது உலகம் பூரா இருக்கிற சீக்குன்னு கேள்வி. அம்மாயிகிட்ட விசாரிச்சேன். இந்த செமஸ்டருக்கு அவளுக்கு வசதிப்படாதாம். ஆகையினால நீ போயிரு.

போறதும் நேரத்தோட போ. காலையில பெரட்டுக்குப் பிந்தி வந்தவனக் கண்டாக்கையா திருப்பி அனுப்பினா, அவன் வீட்டுக்குப் போய்ப் படுத்தாவது கெடப்பான். லெப்புல அப்பிடி இல்ல. மொத பத்து நிமிசம் அந்த டெமோ புள்ளைங்க எந்தத் திருகத் தொடலாம், எதத் தொட்டா கெட்டுப்போகும்னு சொல்லிக் குடுப்பாங்க. அது முடிஞ்சப்புறம் நொழையிறவ மூணு மணித்தியாலமும் பக்கத்து மேசையப் பாத்துப் பாத்துக் கை வைப்பா. பக்கத்து மேசைக்காரியும் பிந்தி வந்தவளா இருந்தா முடிஞ்சுது கதை. பஸ் பிந்திருச்சுன்னும் சொல்ல ஏலாது. தெல்தோட்டையில இருந்து எறங்குற கலஹா ரோட்டு உன் கெம்பஸ் நடுவாலதான போவுது. நீ தங்கியிருக்கிறதோ உள்ளுக்கே. இங்க ஹேவாஹெட்டயில இருந்து விடியாம எழும்பி வர்றவனுக்குச் சாக்கு இருக்கு. ஹந்தான மலையடியில போர்வைக்குள்ள கெடக்கிற உனக்கு என்ன சாக்கு?

முன்கூட்டியே வாசிச்சுட்டு வரணும்னு ஒரு சட்டம். அது சரிதான். எந்த மலைக்குப் போறோம்னு தெரியாம கூடைய மாட்டிக்கிட்டுக் கெளம்பினா எப்பிடி? இதுக்கு மேல அதப் பத்திச் சொல்ல ஒண்ணுமில்ல.

இனிமே கொஞ்சம் கவனமாக் கேளு. அந்தத் தாள்ல நாலு தடவ வர்ற விசயம், பதிவுப் புத்தகம். தைச்ச புத்தகமா இருக்கணும், உதிரித்தாள் கூடாது. பேனாவால எழுதணும், பென்சில் கூடாது. பிழை வந்தா ஒரே கோடு, வெள்ளை மை பூசப் படாது. லெப்ப விட்டு வெளிய போக முந்தி டெமோகிட்டக் கையெழுத்து வாங்கணும். நீ என்னமோ "நம்மள நம்பாமத்தான் தாத்தா இந்தச் சட்டம்"னு மொகத்தச் சுளிச்ச. ஆமா, நம்பலதான். நம்பாதது நல்லதுன்னு எனக்கு ஒரு ராத்திரியில புரிஞ்சுது. எந்தத் தோட்டம், எந்த ஸ்டோர்னு கேக்காத. அந்த டீமேக்கர் ஐயாவோட புள்ளைங்க இன்னும் இந்தப் பக்கம் இருக்காங்க.

எனக்கு அப்ப இருவத்திரெண்டு வயசு. ராத்திரி வேலை. தேயில காயிற டிரையருக்குப் பக்கத்துல ஒரு வெப்பமானி. மணிக்கொரு தடவ பாத்து, புத்தகத்துல எழுதணும். அப்ப எல்லாம் பாரன்ஹைட் கணக்கு. 200க்குக் கிட்டக்க நிக்கணும். அன்னைக்கு நல்ல மழை, தகரத்துல கொட்டுற சத்தத்துல ஒருத்தன் கத்தினா இன்னொருத்தனுக்குக் கேக்காது. மேல கொழுந்து வாட்டுற மாடி இருக்கே, அங்கன சாக்க விரிச்சு ஒரு கண்ணு அசந்தேன். முழிச்சுப் பாக்கிறேன், மணி அஞ்சு. ஓடி வந்து புத்தகத்தத் தொறந்தேன். ரெண்டு மணி, மூணு மணி, நாலு மணி, அஞ்சு மணி நாலும் வெறுங்கட்டம். நான் சும்மா ஆளா? எல்லாத்துக்கும் 200ன்னு போட்டா பிடிபட்டுருவோம்னு, 200, 201, 199, 200ன்னு போட்டேன். என் கெட்டித்தனத்த நானே மெச்சிக்கிட்டு ஒரு சாயத்தண்ணியும் குடிச்சேன்.

ஆறு மணிக்கு டீமேக்கர் ஐயா வந்தாரு. புத்தகத்தப் பாத்தாரு. பெறகு என்னப் பாத்தாரு. சத்தமே போடல. "தம்பி, ரெண்டு மணிக்குப் பெல்ட் அறுந்து மூணரை வரைக்கும் மெசின் நின்னுச்சு. நான்தான் பக்கத்துல நின்னு கட்டுவிச்சேன். மெசினு தூங்கினப்ப ஒன் வெப்பமானி மட்டும் முழிச்சுக்கிட்டு 201 காட்டுச்சா?"ன்னாரு. எனக்கு நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு. அப்புறம் அந்தப் பக்கத்த விளக்குக்கு நேராப் பிடிச்சுக் காட்டினாரு. நாலு எழுத்தும் ஒரே சாய்வு, ஒரே மை, ஒரே அவசரம். மொத ராத்திரி ஒம்பது மணிக்கு எழுதினதும் பத்து மணிக்கு எழுதினதும் கையி மாறி மாறி இருந்துச்சு, ஒண்ணுல எண்ணெ விரல் பதிஞ்சிருந்துச்சு. பொய்யி மட்டும் சுத்தமா இருந்துச்சு.

ஒரு நாள் பேர வெட்டினாரு. அது போகட்டும். "ரெண்டு மணிக்கும் மூணு மணிக்கும் 'பாக்கல'ன்னு எழுதியிருந்தா நான் உன்ன ஏசிட்டு விட்டிருப்பேன். இப்ப இந்தப் புத்தகத்துல ஒம்பது மணிக்கு எழுதினதையும் நான் நம்ப ஏலாது"ன்னாரு. அதுதான் சுருக்குன்னு தைச்சுது. ஒம்பது மணிக்கு எழுதினது நெசம் ஆயி, சத்தியமா நெசம். ஆனா நாலு பொய்யி உள்ள வந்தவுடனே அந்த நெசத்துக்கும் ஆளு இல்லாமப் போச்சு.

ஆகையினால உன் புத்தகம் எண்ணெயும் வெட்டுக்கோடுமா அசிங்கமா இருந்தா வெக்கப்படாத. வீட்டுக்குப் போய் அழகா எழுதுறேன்னு உள்ளங்கையிலயும் டிஷ்யூ பேப்பர்லயும் குறிச்சுக்கிட்டு வர்ற புள்ளைங்க இருப்பாங்க. அந்த அழகுல நம்பிக்க வைக்காத.

அடுத்தது தராசு. இதுல உன் அம்மாயியும் என் பக்கம் வருவா, ஏன்னா அவ நாப்பது வருசம் கொழுந்து எடுத்து நிறுக்கக் குடுத்தவ. உங்க பாசையில "பூச்சிய வழு"ன்னு ஒண்ணு இருக்காமே. வேணியர் இடுக்கிய மூடினப்புறமும் பூச்சியத்துல நிக்காம ஒரு கோடு தள்ளி நிக்கும். அதப் பாத்து வச்சுக்கிட்டு, ஒவ்வொரு அளவுலயும் கூட்டணும், இல்லாட்டிக் கழிக்கணும். இத எங்களுக்கு எவன் வந்து சொல்லிக் குடுக்கணும்? காலைக் கொழுந்து, பகல் கொழுந்து, அந்திக் கொழுந்துன்னு நிறுக்கும்போதெல்லாம் சாக்குக்கு இவ்வளவு, தண்ணிக்கு இவ்வளவுன்னு கழிப்பாங்க. மழை பேஞ்சாலும் கழிப்பாங்க, வெயில் காய்ஞ்சாலும் தண்ணிக்குக் கழிப்பாங்க. 20 கிலோ எடுத்தவளுக்கு 18 விழும். 18 எடுத்தவளுக்கு 16. பேருக்கு 18 வேணும்னு இருக்கிற எடத்துல அவ கதி அரைப்பேரு. விஞ்ஞானத்துல பூச்சிய வழு எந்தப் பக்கமும் சாயலாம்னு நீ சொன்ன. நான் பாத்த தராசுல அது ஒரே பக்கம்தான் சாஞ்சுது. எந்தப் பக்கம்னு அம்மாயிகிட்டக் கேளு, பத்து நாளைக்குப் பேசுவா.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு, அத உங்க தாளும் சொல்லுது. தராசு ஒரே பக்கமாப் பொய் சொன்னா, நூறு தடவ நிறுத்துச் சராசரி எடுத்தாலும் அந்தப் பொய்யி போகாது. இதே கை நடுங்கி ஒரு தடவ கூட, ஒரு தடவ கொறைய வந்துச்சுன்னா, பல தடவ எடுத்துச் சராசரி பாத்தா நடுக்கம் ஒண்ணையொண்ணு தின்னுரும். மொதல் வகைக்கு மருந்து தராசப் பரிசோதிக்கிறது. ரெண்டாவது வகைக்கு மருந்து திரும்பத் திரும்ப அளக்கிறது. சீக்குத் தெரியாம மருந்து குடிக்காத.

திருகுக் கணிச்சி இருக்கே, அதோட இழிவெண்ணிக்கை 0.01 மில்லிமீற்றர்னு சொன்ன. அம்மாயி தலைமுடி ஒண்ணப் பிடுங்கிக் கொண்டு போய் அளக்கப் போறேன்னும் சொன்ன. அளந்தியா? ஒரு மயிரு ஏழெட்டுக் கோடு வரும்னு நீதான் கணக்குச் சொன்ன. ஒரே ஒரு புத்தி: அத இறுக்கும்போது பின்னால இருக்கிற சின்னக் குமிழப் பிடிச்சுத் திருப்பு, கிர்ருகிர்ருன்னு சத்தம் வந்தவுடனே நிறுத்து. பெரிய உருளையப் பிடிச்சுப் பலங்காட்டினா, நீ அளக்கிறது மயிர இல்ல, உன் வீறாப்ப.

இப்ப பெரிய விசயத்துக்கு வாறேன். ஊசல். கயித்துல ஒரு குண்டக் கட்டி ஆட விட்டு, பூமி எவ்வளவு இழுக்குதுன்னு கண்டுபிடிக்கிறது. சீனியர் அக்காமார் ரகசியம் மாதிரி சொல்லியிருப்பாங்களே, "விடை 9.81, அத மனசுல வச்சுக்கிட்டுப் பின்னால இருந்து கணக்கு எழுது"ன்னு. நீயும் என்கிட்டச் சிரிச்சுக்கிட்டே சொன்ன. அப்பிடி எழுதினவன் எங்க மாட்டுவான் தெரியுமா? அந்த 9.81 நம்ம ஊரு எண்ணு இல்ல. லண்டன், பாரிஸ் பக்கத்து எண்ணு அது. பூமி நடுவயித்துல கொஞ்சம் பெருத்து, சுத்துற சுத்துல வெளிய தள்ளுறதால, மத்திய கோட்டுக்குக் கிட்டக்க இழுவ கொறையும். கண்டிப் பக்கத்துக்கு 9.78தான் சரின்னு நீயே கணக்குப் போட்டுக் காட்டினியே. வெள்ளைக்காரன் போயி எழுவது வருசத்துக்கு மேல ஆச்சு, இன்னும் அவன் ஊரு இழுவய நம்ம ஊசலுக்குக் கட்டிவிடுறோம்.

நீ சொன்ன அந்தப் பிரெஞ்சுக்காரன் கதை எனக்கு ராத்திரி தூக்கத்துலயும் வருது. ஜான் ரிஷேன்னு பேரு. 1672ல பாரிஸ்ல இருந்து தென் அமெரிக்காவுல கயேன்னு ஒரு எடத்துக்குப் போனான். அது நம்மள மாதிரியே மத்திய கோட்டுக்குப் பக்கத்துல இருக்கிற எடம். பாரிஸ்ல செக்கன் தப்பாம ஓடின ஊசல் கடியாரம், அங்க நாளுக்கு ரெண்டரை நிமிசம் போலப் பிந்துச்சு. ஊசலக் கொஞ்சம் கட்டையாக்கினாத்தான் சரியா ஓடுச்சு. அவன் என்ன செஞ்சான்? பாரிஸ்காரன் சொன்ன எண்ண எழுதல. மாசக்கணக்கா வாரா வாரம் பாத்து, பாத்தத எழுதினான். ஊருக்கு வந்து சொன்னப்ப வெப்பத்துல கம்பி நீண்டிருக்கும், இவன் அளந்தது பிழைன்னு பெரிய மனுசன் சில பேரு நம்பல. பெறகு 1687ல நியூட்டன் தன் புத்தகத்துல இந்த அளவ எடுத்துத்தான், பூமி சரியான உருண்டை இல்ல, நடுவுல பெருத்திருக்குன்னு வாதாடினாரு. அந்த ரிஷே மட்டும் சீனியர் அக்கா பேச்சக் கேட்டிருந்தா?

அதுக்காக, 9.78 வரலியேன்னும் அழுவாத. ஒரு மீற்றர் கயித்துல ரெண்டு மில்லிமீற்றர் பிழைச்சாலே கடைசி எண்ணு ஆடிப்போயிரும். உனக்கு 9.7 வரும், கூடக்குறைய 0.1ன்னு எழுது. "கூடக்குறைய"ங்கிறத நம்ம சந்தையில காய் விக்கிறவனும் சொல்லுவான், ஆனா எவ்வளவு கூட, எவ்வளவு கொறையன்னு சொல்ல மாட்டான். உன்கிட்ட அந்தத் தாள் கேக்கிறது அது ஒண்ணத்தான். உன் கை எவ்வளவு நடுங்கும்னு உனக்கே தெரியுமான்னு கேக்குது. மூணு தடவ ஆட்டி மூணு தடவயும் 9.81, 9.81, 9.81ன்னு எழுதினவன் இருக்கானே, அவன் என் ஸ்டோர் புத்தகத்து 201க்கு ஒறவுக்காரன்.

ஒரு வேடிக்கயும் சொல்லிர்றேன். மலை ஏறினா இழுவ இன்னும் கொறையுமாமே. ஆயிரம் மீற்றர் ஏறினாலும் 20 கிலோ சாக்குக்கு வில்லுத் தராசுல ஆறு கிராம்தான் கொறையும்னு நீ போட்டுக் காட்டின. ஒரு தேக்கரண்டி சீனி. அப்ப நம்ம மலையில அந்த ரெண்டு கிலோவ இழுத்தது எந்தக் கெரகம்னு உங்க பேராசிரியர்கிட்ட ஒரு நாளைக்குக் கேட்டுச் சொல்லு.

கூட்டாளி விசயம். ரெண்டு பேரு ஒரு மேசையில. ஒருத்தி செய்வா, ஒருத்தி எழுதுவா. நீ எழுதுறவளா மட்டும் இருந்துறாத. உன்னப் பத்தி எனக்குத் தெரியும். நீ ஏ.எல். படிச்ச எடத்துல லெப் அலமாரிக்கு ஒரு பூட்டு, அந்தப் பூட்டுக்கு ஒரு சாவி, அந்தச் சாவி எங்கன்னு ஒரு விசாரணை. ஒடைஞ்சா யாரு பொறுப்புன்னு பயந்து, புத்தகத்துப் படத்துலயே வேணியர் வாசிச்சுப் பாஸ் பண்ணின. நல்லாத்தான் பாஸ் பண்ணின, சோதனைத் தாள்ல கேக்கிற அளவுக்கு. ஆனா சாமானக் கையில தொட்டுப் பழக்கமில்லாதவளுக்கு மேசையில ஒரு கூச்சம் வரும். டவுன் ஸ்கூல் பையன் ஒருத்தன் "நான் செய்றேன், நீங்க எழுதுங்க"ன்னு நல்ல மனசோடதான் சொல்லுவான். ஒன் எழுத்து முத்து முத்தா இருக்கும்னு பாராட்டவும் செய்வான். இந்த மலையில நூத்தம்பது வருசத்துக்கு மேல கொழுந்து எடுத்தது பொம்பளைங்க, தராசு பிடிச்சது ஆம்பளைங்க. நீ தராசப் பிடி. ஒரு வாரம் அவன் எழுதட்டும், எழுத்து கோழி கிண்டின மாதிரி இருந்தாலும் பரவாயில்ல.

பேச்சு அங்க வந்ததால ஜேம்ஸ் டெய்லரையும் இழுத்துர்றேன். நம்ம பக்கத்து லூல்கந்துர மலையில 1867ல 19 ஏக்கர்ல தேயில போட்ட ஸ்கொட்லாந்துக்காரன். மனுசனக் கொறை சொல்ல மாட்டேன். பங்களா விறாந்தையத்தான் லெப் ஆக்கினான். அங்க மேசையப் போட்டுக் கொழுந்த உருட்டி, மண் அடுப்புல கரி நெருப்பு வச்சுக் காய வச்சுப் பாத்தான். பெறகு உருட்டுறதுக்கு மெசினும் செஞ்சான். 1869ல கோப்பி எலையில நோய் விழுந்து, போகப் போகக் கோப்பித் தோட்டமெல்லாம் படுத்தப்ப அவன் விறாந்தைதான் கைகுடுத்துச்சு. 1892ல செத்து, கண்டி மஹய்யாவயில பொதைச்சாங்க. கல்லறையில அவன் பேரு இருக்கு. ஆனா அந்த மேசையில மணிக்கட்டுல இருந்து முழங்கை வரைக்கும் பச்சைச் சாறு வழிய உருட்டின கையி யாரோடது? கூட்டாளி பேர எழுதாத லெப் ரிப்போர்ட் அது. உன் புத்தகத்துல கூட்டாளி பேர எழுதணும்னு சட்டம் இருக்கு பாரு, அதுக்கு மட்டும் நான் ரெண்டு கையையும் தூக்குறேன்.

கூட்டாளியோட அளவு ஒண்ணா இருக்கலாம், ரிப்போர்ட் ஒண்ணா இருக்கக் கூடாது, பாத்து எழுதினா ரெண்டு பேருக்கும் பூச்சியம்னு போட்டிருக்கு. இது உனக்குக் கொழப்பமா இருந்துச்சு. ஒரே கொழுந்துதான், ரெண்டு வீட்டுல ஊத்துற தேத்தண்ணி ஒரே மாதிரியா இருக்கு? அம்மாயி ஊத்துறது ஒரு நாளைக்கு ஒரு மாதிரி, அவ மனநிலையப் பொறுத்து. போன வருசத்துக்காரங்க ரிப்போர்ட்ட வாங்கி எழுதுற வழக்கமும் இருக்குமே. அதுல ஒரு ஆபத்து, அவங்க பிழையும் சேந்து வரும். வகுப்புல பதினஞ்சு பேருக்கு ஒரே எடத்துல ஒரே எழுத்துப் பிழை வந்துச்சுன்னா, அது பௌதிகம் இல்ல, தொத்து நோய்.

ஒரு வாரத்துல ரிப்போர்ட் குடுக்கணும், பிந்தினா நாளுக்கு நாள் புள்ளி வெட்டுவாங்க. இங்கிலீசுல எழுதணும்னு உனக்கு ஒரு பயம். பயப்படாத. லெப் இங்கிலீசுல அழகு கேக்க மாட்டாங்க. என்ன செஞ்ச, என்ன பாத்த, எவ்வளவு, எதால பிழைச்சிருக்கும், அவ்வளவுதான். நம்ம கணக்கப்பிள்ளைமார் அதவிடக் கொறைஞ்ச இங்கிலீசுல தொரைமார் தலையில மொளகா அரைச்சிருக்காங்க. வரைபுத் தாள்ல அச்சுக்குப் பேரும் அலகும் போட மறக்காத. அலகு இல்லாத எண்ணு, வீட்டுப் பேரு இல்லாத கல்யாணப் பத்திரிக.

செருப்பு விசயம் விட்டுட்டேன். மூடின சப்பாத்துத்தான் போடணும். சித்தப்பா வாங்கிக் குடுத்த அந்த மினுங்குற செருப்பு கோயிலுக்கு. லெப்புல சாப்பாடும் கூடாது. அம்மாயி கட்டித் தர்ற ரொட்டி பையிலயே இருக்கட்டும், மாசிச் சம்பல் மணத்துக்கு டெமோவே வந்து நிப்பான்.

கடைசியா அந்த ராத்திரி. நீ போறதுக்கு மொத நாள். உத்திரத்துல இருந்து நூல் கட்டி, என் பழைய பூட்ட அதுல தொங்க விட்டு, அம்மாயியோட தையல் நாடாவால பூட்டுக்கு நடுவு வரைக்கும் அளந்து ஒரு மீற்றர்னு வச்சோம். நீ போன்ல நேரம் பாத்த. எண்ணுறது என் வேல. கொஞ்சமா விலக்கி விடச் சொன்ன, பெருசா ஆட்டினா கணக்கு மாறும்னு. விட்டேன். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு இருவது வரைக்கும் எண்ணினேன். 38.2 செக்கன்னு சொன்ன. கணக்குப் போட்ட. 10.8 வந்துச்சு.

நான் என்ன சொன்னேன்? "பாத்தியா, ஹேவாஹெட்டயில பூமி கொஞ்சம் கூடத்தான் இழுக்கும், இல்லாட்டி நாங்க இங்கயே கெடப்பமா"ன்னேன். நீ சிரிக்கல. பேனாவக் கடிச்சுக்கிட்டு ரெண்டு நிமிசம் இருந்த. பெறகு, "தாத்தா, கைய விட்டவுடனே ஒண்ணுன்னு சொன்னீங்களா?"ன்னு கேட்ட. ஆமான்னேன். "அப்ப ஆட்டம் தொடங்கவே இல்லையே. பூச்சியத்துல இருந்து எண்ணணும். நீங்க எண்ணினது இருவது இல்ல, பத்தொம்பது."

38.2ஐ 19ஆல பிரிச்சு மறுபடி கணக்குப் போட்ட. 9.77 வந்துச்சு. அப்ப ஒன்னச் சோதிக்கிறதுக்குன்னு ஒரு வார்த்த சொன்னேன். சோதிக்கிறதுக்குத்தான்னு இப்ப சொல்றேன், அன்னைக்கு உண்மையில என்ன நெனச்சேன்னு எனக்கே தெரியல. "9.81ன்னு போட்டுரு ஆயி, உத்திரம் ஒரு பக்கம் கோணல், நாடா இழுபட்டது, யாரு பாக்கப் போறா"ன்னேன். அம்மாயி அடுப்படியில இருந்து எட்டிப் பாத்தா, அவளுக்கும் என்னமோ வெளங்கின மாதிரி.

நீ பதில் பேசல. 10.8க்கு மேல ஒரே ஒரு கோடு இழுத்த, அடியில என்ன எண்ணு இருந்துச்சுன்னு வாசிக்கிற மாதிரி. பக்கத்துல 9.77ன்னு எழுதி, "தாத்தா ஒண்ணுல இருந்து எண்ணினாரு"ன்னு காரணமும் எழுதின. பெறகு புத்தகத்த என் பக்கம் திருப்பி, பேனாவ நீட்டின.

கையெழுத்துப் போட்டேன். நேரமும் போடச் சொன்ன. எட்டு இருவதுன்னு எழுதப் போனேன். "செவுத்து மணி பத்து நிமிசம் முந்தி ஓடுது தாத்தா"ன்ன.